பிணைத்தொகையை எந்த வடிவில் செலுத்துவது? வைப்புச் சான்று, வங்கி உத்தரவாதம், காப்பீட்டுப் பிணைப் பத்திரம்: ஓர் ஒப்பீடு

ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய அரசுப் பணியை முதன்முறையாக எடுக்கும் கட்டட ஒப்பந்ததாரருக்கு, ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்ட மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிலைப்பதில்லை. குறித்த நாள்களுக்குள் செயல்திறன் பிணையை (பணியைச் சரியாக முடிப்பதற்கான உறுதித்தொகை, பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி) செலுத்தி உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும், தவறினால், ஒப்பந்தப்புள்ளியோடு கட்டிய முன்வைப்புத் தொகை பறிமுதல் செய்யப்படும் என்ற வரியும் அதே ஏற்புக் கடிதத்தில் இருக்கும். கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு சிமெண்டும் கம்பியும் வாங்குவதா, அதையே துறையிடம் பிணையாக வைப்பதா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி, செக்யூரிட்டி டெபாசிட், ஷ்யூரிட்டி பாண்ட் என்று மூன்று சொற்களைக் கேட்டுவிட்டு, மூன்றும் ஒன்றுதானா, எது நமக்கு ஏற்றது என்று தடுமாறுபவர்கள் பலர். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

## பதிவு வேறு, பிணை வேறு

இணையத்தில் தேடினால் ‘ஒப்பந்ததாரர் உரிமம் பெறப் பிணைப் பத்திரம் கட்டாயம்’ என்று சொல்லும் பக்கங்களே முதலில் வரும். அவை பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம் பெறுவதற்கே 25,000 டாலருக்கான பிணைப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இத்தொகை நடைமுறையில் உள்ளது. அந்நாட்டு ஒன்றிய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு, 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டப்படி, பணியை முடித்துத் தருவதற்கு ஒன்று, துணை ஒப்பந்ததாரர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் பணம் சேர்வதற்கு ஒன்று என்று இரண்டு பத்திரங்கள் தேவை.

இந்தியாவில் கட்டட ஒப்பந்தத் தொழிலுக்கென்று அப்படிப்பட்ட பொது உரிமம் இல்லை. மின்பணிக்குத் தனி உரிமம் உண்டு. மற்றபடி பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை போன்றவை தத்தம் பதிவேட்டில் ஒப்பந்ததாரர்களை வகுப்பு வாரியாகப் பதிவு செய்கின்றன. எவ்வளவு மதிப்புள்ள பணிக்கு நீங்கள் ஒப்பந்தப்புள்ளி கொடுக்கலாம் என்பதை அந்த வகுப்பு முடிவு செய்கிறது. பிணை என்பது பதிவுக்கு உரியதன்று. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே தர வேண்டியது. ஆயினும் இவ்விரண்டும் ஓரிடத்தில் மோதிக்கொள்கின்றன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

பிணை தருவதற்கு வங்கி வாங்கும் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதையே பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். என் கணிப்பில் அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எந்தெந்த வடிவங்களை ஏற்கிறது என்பது. ஆவணத்தில் இல்லாத வடிவத்தை எவ்வளவு மலிவாகப் பெற்றாலும் அது பயன்படாது. இரண்டாவது, எவ்வளவு ரொக்கமும் எந்தச் சொத்தும் எத்தனை காலத்துக்கு முடங்குகின்றன என்பது. மூன்றாவது, ஏற்புக் கடிதம் கொடுத்த கெடுவுக்குள் அது கைக்கு வருமா என்பது. அதன் பிறகே மொத்தச் செலவைப் பார்க்க வேண்டும். கடைசியாக இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன: பணி நீண்டால் என்ன ஆகும், துறை பிணையைப் பறித்தால் என்ன ஆகும்? இவற்றை எவரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஆனால் பெரிய இழப்புகள் இங்கிருந்தே வருகின்றன.

மத்திய அரசுக் கொள்முதலுக்குப் பொது நிதி விதிகள் 2017இன் 170, 171ஆம் விதிகள் அடிப்படையாகும். கணக்கில் வரவு வைக்கத்தக்க வரைவோலை, வைப்புச் சான்று, வங்கியாளர் காசோலை, வங்கி உத்தரவாதம் ஆகியவற்றோடு, 2022 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் காப்பீட்டுப் பிணைப் பத்திரமும் (ஷ்யூரிட்டி பாண்ட்) ஏற்கத்தக்க வடிவங்களில் சேர்க்கப்பட்டது. மாநிலத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் வைக்கும் நிபந்தனைகள் அவரவர் ஆவணத்தின்படியே அமையும். ஆகவே மத்திய அரசு ஏற்கிறது என்பதால் உங்கள் கோட்ட அலுவலகமும் ஏற்கும் என்று கருதிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமான விடையைப் பெறுங்கள்.

## வைப்புச் சான்றை ஈடு வைத்தல்

இதுவே மிகப் பழைய, மிக எளிய வழி. ஒப்பந்ததாரர் தம் பெயரில் வங்கியில் நிலை வைப்பு ஒன்றைத் தொடங்கி, அதன் மீது செயற்பொறியாளரின் பதவிப் பெயருக்கு உரிமைப் பிடிப்பை (துறை விடுவிக்கும்வரை பணத்தை எடுக்க முடியாதபடி வங்கி வைக்கும் தடை, லீன்) குறிக்கச் செய்து, சான்றையும் வங்கியின் உறுதிக் கடிதத்தையும் ஒப்படைக்கிறார். தமிழ்நாட்டில் அஞ்சலகச் சேமிப்புப் பத்திரங்களை இவ்வாறே ஈடு வைக்கும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. கமிஷன் இல்லை, சொத்து அடமானம் இல்லை, பழைய இருப்புநிலைக் குறிப்பை எவரும் கேட்பதில்லை. காலையில் வங்கிக்குப் போனால் மாலைக்குள் சான்று கையில் இருக்கும். வட்டியும் உங்களுக்கே சேரும்.

மறைந்திருக்கும் செலவு, அந்தப் பணம் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் இருக்கிறது. வைப்புக்கு ஆறரை சதவீத வட்டி வரும்போது, அதே பணத்துக்கு ஈடாக ஓவர்டிராஃப்டில் பதினொரு சதவீதமோ, வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டியோ கொடுத்துக்கொண்டிருந்தால், இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் உங்கள் இழப்பே. அஞ்சலகப் பத்திரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியச் சேமிப்புப் பத்திரத்தின் முதிர்வுக் காலம் 5 ஆண்டுகள். ஒன்றரை ஆண்டில் பணி முடிந்து ஈடு விடுவிக்கப்பட்டாலும் பணத்தை உடனே எடுக்க இயலாமல் போகலாம்.

சிறிய விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தப்புள்ளி நிறுவனத்தின் பெயரிலும் வைப்புச் சான்று உரிமையாளரின் சொந்தப் பெயரிலும் இருப்பதால் திருப்பி அனுப்பப்பட்ட சான்றுகளை நான் பார்த்திருக்கிறேன். கெடு முடிய மூன்று நாள்களே இருக்கும்போது இது நேர்ந்தால் ஏற்படும் பதற்றம் சொல்லி முடியாது.

## வங்கி உத்தரவாதம்

ஒப்பந்ததாரர் கடமை தவறினால் இத்தனை ரூபாய் வரை, கேட்டவுடன், மறுப்பின்றிக் கொடுப்பதாக வங்கி துறைக்கு எழுதித் தரும் வாக்குறுதியே வங்கி உத்தரவாதம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்லும் முத்தரப்பு ஏற்பாட்டில், துறை கடன் உரிமையாளர், நீங்கள் முதன்மைக் கடனாளி, வங்கி பிணையாளர். பெரும்பாலான துறைகள் தயக்கமின்றி ஏற்கும் வடிவம் இது.

வங்கி இதை ஒரு கடன் வசதியாகவே கருதுகிறது. முதலில் உங்களுக்கு ஓர் உத்தரவாத வரம்பை அனுமதிக்க வேண்டும். அதற்கு வரவு செலவு அறிக்கைகள், சொத்து மதிப்பீடு, வழக்கறிஞர் கருத்து, பத்திர ஒப்படைப்புப் பதிவு எல்லாம் நடந்தாக வேண்டும். வரம்பு ஏற்கெனவே இருந்தால் இரண்டு மூன்று நாள்களில் உத்தரவாதம் கிடைக்கும். இல்லையென்றால் வாரக்கணக்கில் ஆகும். ஏற்புக் கடிதம் வந்த பிறகு வரம்புக்கு விண்ணப்பிப்பவர் கெடுவைத் தவறவிட ஏறக்குறைய உறுதியாக வழி செய்துகொள்கிறார் என்றே சொல்வேன். மேலும், உத்தரவாதத் தொகையில் ஒரு பகுதியை மார்ஜின் என்ற பெயரில் ரொக்க வைப்பாக வங்கி பிடித்து வைக்கும். பழகிய வாடிக்கையாளருக்கு அது பத்து முதல் இருபத்தைந்து சதவீதமாக இருக்கலாம். புதியவரிடம் நூறு சதவீதமும் கேட்பதுண்டு. நூறு சதவீத மார்ஜின் கேட்கப்படுமானால், பணமும் முடங்கி, கமிஷனும் கொடுக்கும் நிலை ஏற்படுகிறது. துறை வைப்புச் சான்றை ஏற்கும்போது அப்படி உத்தரவாதம் வாங்குவதில் பொருளே இல்லை.

இங்கேதான் முன்னர் சொன்ன மோதல் வருகிறது. துறைப் பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் வட்டாட்சியரிடமிருந்தோ வங்கியிடமிருந்தோ சொத்து மதிப்புச் சான்று கேட்கப்படுகிறது. வில்லங்கம் இல்லாத சொத்து இருந்தால்தான் அந்தச் சான்றுக்கு வலு உண்டு. உத்தரவாத வரம்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பதிவு செய்தால், அது வில்லங்கச் சான்றில் தெரியும். ஒரே ஒரு வீடும் ஒரே ஒரு மனையும் உள்ள ஒப்பந்ததாரர், கைப்பணிக்குப் பிணை தேடப் போய் அடுத்த ஆண்டுப் பதிவுப் புதுப்பித்தலுக்கு இடர் தேடிக்கொள்ள நேரிடலாம். எந்தச் சொத்தை எதற்கு ஒதுக்குவது என்பதை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கால அளவு. பொது நிதி விதிகளின்படி, செயல்திறன் பிணை ஒப்பந்தக் கடமைகள் அனைத்தும் முடிந்த பின்னும் 60 நாள்கள் செல்லுபடியாக வேண்டும். அதற்கும் மேலாக, கோரிக்கைக் காலம் (துறை பணம் கேட்பதற்கான கூடுதல் காலம்) என்று ஓராண்டைப் பல வங்கிகள் சேர்த்துவிடுகின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு விதிவிலக்கே இதற்குக் காரணம்: ஓராண்டுக்குக் குறையாத காலத்தைக் குறிப்பிட்டால், அதன் பிறகு வங்கியின் பொறுப்பு முடிந்துவிடும், குறிப்பிடாவிட்டால் பொதுவான காலவரம்புச் சட்டம் பொருந்தும், அது அரசுக்கு 30 ஆண்டுகள். அந்த ஓராண்டு, வழக்குத் தொடுத்து உரிமையை நிலைநாட்டும் காலத்தைப் பற்றியதேயன்றிக் கோரிக்கை வைக்கும் காலத்தைப் பற்றியதன்று என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் விளக்கியது. ஆனாலும் நடைமுறை முழுதாக மாறிவிடவில்லை. கோரிக்கைக் காலத்துக்கும் கமிஷன் உண்டா, அக்காலம் முழுவதும் மார்ஜின் பிடித்து வைக்கப்படுமா என்பதை அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். ஒன்றரை ஆண்டுப் பணிக்கு மூன்று ஆண்டுக் கமிஷன் கொடுத்தவர்கள் இதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள்தாம்.

துறை உத்தரவாதத்தைப் பறிக்க எழுதினால் வங்கி உங்களிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்காது. மிகப் பெரிய மோசடி இருந்தாலோ, ஈடுசெய்யவே முடியாத அநீதி நேரும் என்றாலோ அன்றி நீதிமன்றம் பணம் கொடுப்பதைத் தடுக்காது என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதிசெய்த நிலை. கொடுத்த தொகை உங்கள் கணக்கில் கடனாக ஏறும். 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் ஆகும். அத்தோடு மற்றப் பணிகளுக்கான வரம்பும் நின்றுபோகும்.

## காப்பீட்டுப் பிணைப் பத்திரம்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நாட்டின் முதல் பிணைக் காப்பீட்டுத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வங்கியின் இடத்தில் பொதுக் காப்பீட்டு நிறுவனம் நின்று அதே வாக்குறுதியைத் தருகிறது. ஒப்பந்தப்புள்ளிக்கான பிணை, செயல்திறன் பிணை, முன்பணப் பிணை, பில்லில் பிடித்து நிறுத்திவைக்கும் தொகைக்கான பிணை என்று பல வகைகள் உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பணிகளில் இத்தகைய பத்திரங்களின் மதிப்பு 10,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது.

இதன் பெருஞ்சிறப்பு, பொதுவாக மார்ஜின் இல்லை என்பதும் வங்கி வரம்பைத் தொடுவதில்லை என்பதும் ஆகும். வங்கியில் உள்ள வரம்பு முழுவதையும் நடைமுறை மூலதனத்துக்கு வைத்துக்கொண்டு, பிணையை இந்த வழியில் கொடுக்கலாம். நான்கைந்து பணிகளை ஒரே நேரத்தில் நடத்துபவருக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் ‘காப்பீடு’ என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வண்டிக் காப்பீட்டில் விபத்து நேர்ந்தால் நிறுவனம் இழப்பை ஏற்கும்; பிரீமியம் கட்டியவருக்கு அது திரும்பக் கேட்கப்படாத பணம். பிணைப் பத்திரத்தில் பிரீமியம் கட்டுபவர் நீங்கள், பாதுகாப்புப் பெறுவது துறை. நிறுவனம் துறைக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி உங்களிடமிருந்து திரும்பப் பெறலாம்; அதற்கென்றே ஈட்டுறுதி உடன்படிக்கையில் பங்குதாரர்கள் அனைவரிடமும் தனிப்பட்ட முறையில் கையெழுத்து வாங்கப்படுகிறது. கூட்டு நிறுவனத்தில் பெயருக்காகச் சேர்க்கப்பட்ட மனைவியோ தம்பியோ அதில் கையெழுத்திட்டால், அவர்களின் சொத்தும் அந்தப் பொறுப்புக்குள் வந்துவிடும்.

அமெரிக்க நடைமுறையோடு ஒப்பிட்டு எதிர்பார்ப்பதும் தவறு. அங்கே பத்திரத்தின் தொகை பெரும்பாலும் ஒப்பந்த மதிப்புக்கே சமமாக இருக்கும். பிணை நிறுவனம் வேறொரு ஒப்பந்ததாரரைக் கொண்டு பணியை முடித்துத் தருவதும், கோரிக்கை சரியா என்று முதலில் ஆராய்வதும் உண்டு. இங்கே துறைகள் கேட்பது வங்கி உத்தரவாதத்தின் இடத்தில் அப்படியே வைக்கத்தக்க, கேட்டவுடன் பணம் தரும் பத்திரம். ஆகவே பறிப்பு நேரத்தில் நிறுவனம் உங்கள் பக்கம் நின்று வாதாடும் என்று நம்ப வேண்டாம்.

நடைமுறைத் தடை ஒன்றும் உண்டு. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், கையிலுள்ள பணிகளின் பட்டியல், கடன் மதிப்பெண், முடித்த பணிகளுக்கான சான்றுகள் இவையெல்லாம் சீராக இருப்பவருக்கே நிறுவனங்கள் முன்வருகின்றன. வருமானத்தைக் குறைத்துக் காட்டிக் கணக்கு எழுதியவருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது.

## பில்லில் பிடித்தம்

சில ஒப்பந்தங்களில் செயல்திறன் பிணைக்கு மேலாக, ஒவ்வொரு பில்லிலும் குறிப்பிட்ட சதவீதம் செக்யூரிட்டி டெபாசிட் என்ற பெயரில் பிடிக்கப்படுகிறது. இதைத் தேர்வு என்று சொல்ல முடியாது; ஆனால் பிடித்த தொகைக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கொடுத்துப் பணத்தை விடுவிக்க ஆவணம் இடம் கொடுத்தால், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (முடித்த பணியில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) நீண்டதாக உள்ள பணிகளில் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

## ஒரு கணக்கு

2 கோடி ரூபாய்ப் பணி. 5 சதவீதச் செயல்திறன் பிணை, அதாவது 10 லட்சம். பிணை நிற்கும் காலம் 2 ஆண்டுகள் என்று கொள்வோம். வைப்பு வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம், உத்தரவாதக் கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம், கமிஷனுக்கும் பிரீமியத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. முடங்கும் பணத்துக்கு மாற்றாக வாங்கும் கடனுக்கு வங்கியில் 11 சதவீதம், வெளியில் நூற்றுக்கு 2 வட்டி வீதம் ஆண்டுக்கு 24 சதவீதம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட விகிதங்கள். உங்கள் விகிதங்களை இட்டு நீங்களே கணக்கிட வேண்டும்.

| வழி | முடங்கும் ரொக்கம் | செலவு, வங்கிக் கடன் எனில் | செலவு, வெளிக்கடன் எனில் |
|---|---|---|---|
| வைப்புச் சான்று | ரூ. 10,00,000 | ரூ. 90,000 | ரூ. 3,50,000 |
| வங்கி உத்தரவாதம், 25% மார்ஜின் | ரூ. 2,50,000 | ரூ. 69,700 | ரூ. 1,34,700 |
| வங்கி உத்தரவாதம், 100% மார்ஜின் | ரூ. 10,00,000 | ரூ. 1,37,200 | ரூ. 3,97,200 |
| பிணைப் பத்திரம், பிரீமியம் 2% | இல்லை | ரூ. 47,200 | ரூ. 47,200 |
| பிணைப் பத்திரம், பிரீமியம் 3.5% | இல்லை | ரூ. 82,600 | ரூ. 82,600 |

வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், முத்திரைத் தாள், பத்திர ஒப்படைப்புப் பதிவுச் செலவு ஆகியவை இதில் சேரவில்லை. உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கத் தகுதி உள்ளவருக்குக் கமிஷன், பிரீமியம் மீதான ஜிஎஸ்டி சுமை குறையும். 25 சதவீத மார்ஜினும் வங்கிக் கடனும் உள்ளவருக்குப் பிரீமியம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.95 சதவீதத்தைத் தாண்டினால் வங்கி உத்தரவாதமே மலிவு. வெளிக்கடனில் தொழில் நடத்துபவருக்கு அந்த எல்லை 5.7 சதவீதம் வரை உயர்கிறது. கடன் வாங்காமல், சும்மா கிடக்கும் சேமிப்பை வைப்பாக வைப்பவருக்கோ முதல் வழியின் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரே பிணைத்தொகை, ஒரே பணி. ஆயினும் உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மலிவான வழி மாறிவிடுகிறது.

## யாருக்கு எது

முப்பது நாற்பது லட்சத்துக்குள் ஓரிரு பணிகளை மட்டும் எடுத்து நடத்தும் ஒப்பந்ததாரருக்கு வைப்புச் சான்றே பொருத்தமானது. தொகை சிறிது; வங்கி வரம்புக்கான தொடக்கச் செலவே பல ஆண்டு வட்டி இழப்பை விழுங்கிவிடும்.

ஆண்டுதோறும் தொடர்ந்து பணி எடுப்பவர், அடமானத்துக்கு உரிய சொத்தும் பதிவுக்கு வேண்டிய சொத்தும் தனித்தனியே உள்ளவர், மாநிலத் துறைகளிலும் உள்ளாட்சியிலும் மத்தியத் துறைகளிலும் கலந்து வேலை செய்பவர், இத்தகையோருக்கு வங்கி உத்தரவாத வரம்பு இன்றியமையாதது. பெரும்பாலான அலுவலகங்கள் திருப்பி அனுப்பாத வடிவம் என்பது அதன் முதல் மதிப்பு.

கணக்குகள் தூய்மையாக இருந்து, வங்கி வரம்பு முழுவதும் தீர்ந்துபோன நிலையில் பெரிய மத்திய அரசுப் பணி ஒன்று கைக்கு வருமானால், காப்பீட்டுப் பிணைப் பத்திரம் அந்தப் பணியையே சாத்தியமாக்கும். மதிப்பீட்டைவிட மிகவும் குறைத்துக் கேட்டதால் கூடுதல் பிணை கேட்கப்படும் பணிகளிலும் இது உதவும் என்று சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்த பணியில் தவறும் வாய்ப்பு அதிகம். அங்கே பத்திரம் எளிதில் கிடைப்பது இடரைத் தள்ளிப்போடுவதே ஆகும்.

சிறு தொழில் நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருப்பதால் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு கிடைக்கும் என்று நம்பி வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விலக்கைத் தரும் மத்திய அரசின் கொள்முதல் கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது. விலக்கை நம்பித் தொகை கட்டாமல் விட்டால், ஒப்பந்தப்புள்ளி திறந்த அன்றே தள்ளப்படும்.

## பணி நீளும்போதும் முடியும்போதும்

கால நீட்டிப்புக் கடிதம் கேட்கும் அன்றே பிணையை நீட்டிக்கவும் வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ எழுதிவிடுங்கள். காலாவதிக்குச் சில நாள்களே இருக்கும் நிலையில், நீட்டியுங்கள் அல்லது பணத்தைச் செலுத்துங்கள் என்று துறை வங்கிக்கு எழுதினால், அதையும் பறிப்புக் கோரிக்கையாகவே வங்கி எடுத்துக்கொள்ளும். தாமதம் உங்கள் பிழையால் நேர்ந்ததன்று என்றால், தளம் ஒப்படைக்கப்படாத நாள்கள், வரைபடம் வராத நாள்கள் ஆகியவற்றைத் தளப் பதிவேட்டில் குறித்து, பிணை நீட்டிப்புக்கான கூடுதல் கமிஷனையும் உங்கள் கோரிக்கையில் சேருங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதும் கோரிக்கைக்கு மதிப்பிருக்காது.

பணி முடிந்து நிறைவுச் சான்று கிடைத்ததும் விடுவிப்புக் கடிதத்தை எழுத்து மூலம் கேளுங்கள். வைப்புச் சான்று எனில், செயற்பொறியாளரின் கடிதம் வங்கிக்குச் சேர்ந்து உரிமைப் பிடிப்பு நீக்கப்பட்டதைக் கணக்கில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வங்கி உத்தரவாதம் எனில், மூலப் பத்திரமோ துறையின் விடுவிப்புக் கடிதமோ வங்கிக்குச் சேராவிட்டால், பணி முடிந்து கட்டடத்தில் ஆள்கள் குடியேறியிருந்தாலும், கோரிக்கைக் காலம் தீரும்வரை மார்ஜின் பிடித்து வைக்கப்படும், கமிஷனும் ஓடிக்கொண்டிருக்கும்.